எண்பத்திரண்டு என்று எழுதினேன்

போன மாதம் தம்பி மகளின் நிச்சயதார்த்தத்தன்று, பந்தி முடிந்து மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். என்னைச் சேர்க்காமல் நீங்கள் ஒன்பது பேர். எல்லோரும் அந்த அச்சாபீஸ் வீட்டில் என்னோடு வளர்ந்தவர்கள். நடந்ததை அன்று மாலையே டைரியில் எழுதிவிட்டேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மேலே வந்த மாப்பிள்ளைப் பையன், தான் கட்டியிருந்த கைக்கடிகாரம் நாடித்துடிப்பைக் காட்டும் என்றான். ஆளாளுக்கு வாங்கிக் கட்டிப் பார்த்தீர்கள். பெரிய அண்ணனுக்குத் தொண்ணூற்றாறு காட்டியது. "மூணு தடவ பாயசம் வாங்குனா நூத்தித் தொண்ணூறே காட்டும்" என்று வெற்றிலைத் தட்டோடு வந்த மதினி சொன்னாள். அப்போதுதான் உங்களில் ஒருவர் பழைய கதையை எடுத்தீர்கள். "நம்ம வீட்ல ஒருத்தி மாத்திரைய மாத்திக் குடுத்துப் பெரியம்மாவ மேலயே அனுப்பப் பாத்தாள்ல? எண்ணுற அக்கா! தாளத் தவிர வேற எதையும் எண்ணத் தெரியாதவ!"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது பதினொரு வயது. சிவகாசியில் நம் வீடும் அச்சாபீஸும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டிருந்தன. மிஷின் ஓடினால் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். மிஷின் கழுவும் மண்ணெண்ணெய் வாடை, மையின் வாடை, துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் புளித்த வாடை எல்லாம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். ஐப்பசியில் காலண்டர் சீசன் உச்சத்துக்குப் போய்விடும். அந்த மாதங்களில் பெரியப்பாவும் அப்பாவும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்கள்.

பெரியம்மாவுக்கு அந்த வருடம் இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. ஊர் டாக்டர் இரண்டு மாத்திரைகள் கொடுத்தார். காலையில் ஒரு சின்ன மாத்திரை, இதயத்துக்கு. மத்தியானம் ஒரு பெரிய வெள்ளை மாத்திரை, உடம்பில் தேங்கும் நீர் இறங்குவதற்கு. சின்ன மாத்திரைக்கு மட்டும் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"குடுக்குறதுக்கு முன்னாடி தெனமும் நாடி பாக்கணும். ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். அறுபதுக்குக் கீழ போச்சுன்னா அன்னைக்கு மாத்திரை கூடாது. நேரா என்கிட்டக் கூட்டிட்டு வந்துரணும்."

யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது பெரியப்பா என்னைக் காட்டினார். காரணம் என் கையெழுத்து. "அச்சுக் கோத்த மாதிரி எழுதுவா டாக்டர். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது." ஓர் உயிரைக் கவனிக்கும் வேலைக்கு ஒரு பிள்ளையை அதன் கையெழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அது அப்போது எங்கள் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஆர்டர் எழுதுவதிலிருந்து தாளில் கோணாமல் அச்சிடுவது வரை சுத்தமாக இருந்தால் சரியாக இருக்கும் என்று நம்பிய வீடு அது.

டாக்டர் பெரியம்மாவின் கையைப் பிடித்து, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் காட்டினார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று நான் பார்த்தேன். அரை நிமிடம்தான் பார்த்தேன். அன்று அவருடைய எண்ணிக்கை எழுபத்தெட்டு.

மறுநாள் காலை பெரியப்பாவின் கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று விரல்களையும் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மாவின் கை பிசைந்த மாவு போல மெத்தென்று இருந்தது. விரலை அங்கும் இங்கும் நகர்த்தினேன். பிறகு கட்டைவிரலை வைத்து நன்றாக அமுக்கினேன். உடனே டக், டக் என்று தெளிவாகத் துடித்தது. எண்பத்து நான்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து கட்டைவிரல்தான்.

எழுதுவதற்கு ஒரு கழிவு டைரி கிடைத்தது. பைண்டிங்கில் தவறிப்போய் அதில் அக்டோபர் மாதம் இரண்டு முறை வந்திருந்தது. முதல் அக்டோபரை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து எழுதினேன். தேதி, மணி, நாடி, மாத்திரை என்று நான்கு கட்டங்கள். எண்பத்து நான்கு, எண்பத்திரண்டு, எண்பத்தாறு. மாத்திரைக் கட்டத்தில் 'கொடுத்தேன்' என்று பச்சை மையில். விருந்தாளிகள் வந்தால் பெரியப்பா அந்த டைரியை எடுத்துக் காட்டுவார். "நர்சு தோத்துப்போவா" என்பார்.

வாரம் ஒரு முறை பெரியம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். இரண்டு வாரம் போனார்கள். மூன்றாவது வாரம் பெரிய ஆர்டர் ஒன்று லோடு ஏறவேண்டியிருந்தது, கார் கிடைக்கவில்லை. அதனால் டைரியை மட்டும் கணக்கர் கையில் கொடுத்தனுப்பினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, இப்படியே தொடரட்டும்" என்று சொல்லியனுப்பினார். நான்காவது வாரமும் டைரிதான் போனது.

இனி எண்ணுற அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு நினைவிருப்பது பெயர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

தினசரி காலண்டரில் கிழிக்கும் தேதித் தாள்களை அடுக்கிக் கட்டாக்கும் பெண்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். கடைசியில் கட்டைச் சரிபார்ப்பது அக்கா. கட்டின் ஓரத்தை விசிறி போல விரித்து, ஐந்தைந்தாக விரல் நுனியில் தள்ளிக்கொண்டு போவாள். கண் வேறெங்கோ இருக்கும். "ஒண்ணு கொறையுதுக்கா" என்று அடுத்தவள் பக்கம் தூக்கிப் போடுவாள். பிரித்துப் பார்த்தால் ஒன்று குறைந்திருக்கும். பெரியம்மா நன்றாக இருந்தவரை அந்தப் பெண்களை அவர்தான் மேய்த்தார். அந்தப் பழக்கத்தில், பெரியம்மா படுத்த பிறகு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வீட்டுக்குள் வந்து அவருக்குத் தலைவாரிவிட்டு, கஞ்சி கொடுத்து, பெரிய வெள்ளை மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஐந்தாவது வாரம் மஞ்சள் ஓடியது. நான்கு வண்ணப் படத்தில் அப்போதெல்லாம் முதலில் மஞ்சளை அடிப்பார்கள்; பிறகு சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. மஞ்சள் மட்டும் ஏறிய முருகன் படத்தில் முருகன் இருப்பதே தெரியாது. மயிலின் கழுத்தும் வேலின் நுனியும் மங்கலாகத் தெரியும். அந்தத் தாள்கள் காய்வதற்காகக் கூடம், முன்பக்கப் பட்டாசாலை, பெரியம்மாவின் அறைச் சுவரோரம் எல்லாம் அடுக்கப்பட்டிருந்தன.

"எல்லாம் மஞ்சளா இருக்கு" என்றார் பெரியம்மா. "செவரு மஞ்சளா இருக்கு. இந்தச் சோறுகூட மஞ்சளா தெரியுது."

"மஞ்ச ஓடுற வாரம்லா" என்றார் பெரியப்பா. "எனக்குந்தான் கண்ண மூடுனா மஞ்சளா தெரியுது. அடுத்த வாரம் செவப்பு ஓட்டுறேன், எல்லாம் செவப்பாத் தெரியும்."

பெரியம்மாவும் சிரித்தார். அவருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி வந்தது. அது மண்ணெண்ணெய் வாடையால் என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள். அந்த மாத்திரை உடம்பில் அளவுக்கு மேல் சேர்ந்தால் பசி போகும், குமட்டும், பார்வையில் மஞ்சள் படியும் என்பதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வேறொரு ஊராக இருந்திருந்தால், சோறு மஞ்சளாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னதும் பயந்திருப்பார்கள். நம் வீட்டில் மஞ்சளுக்கு ஒரு காரணம் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் ஓடியது. மத்தியானம் நான் வீட்டில் இருந்தேன். அக்கா தலைவாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையைத் தன் கழுத்தோரம் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள்.

"மொதலாளி, ஒரு நிமிசம் வாங்க" என்றாள். "எனக்கு அஞ்சு துடிக்கிறதுக்குள்ள இவுகளுக்கு மூணுதான் துடிக்குது. நாலு வாட்டி பாத்துட்டேன்."

பெரியப்பா கையில் மை துடைக்கும் துணியோடு வந்தார். "தாளு எண்ணி எண்ணி நாடியவும் அஞ்சஞ்சா எண்ணுறியாக்கும்?" அப்பா பின்னாலிருந்து, "பாத்து, கட்டுப் போட்டுறப் போறா" என்றார். சிரிப்பு. அக்காவும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் கையை விடவில்லை.

"வெளாட்டுக்குச் சொல்லல மொதலாளி. ரொம்ப மெதுவா இருக்கு."

நான் டைரியை எடுத்துவந்து விரித்துக் காட்டினேன். காலையில் எண்பத்து நான்கு. பிறகு கேட்டேன்: "உங்களுக்கு மணி பாக்கத் தெரியுமாக்கா?"

தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன். அக்கா பெரியம்மாவின் கையை மெதுவாகக் கீழே வைத்தாள். சீப்பை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் எங்களை மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு, நிழலில் உட்காரவைத்து, பக்கத்துப் பிள்ளையின் நாடியைப் பார்க்கச் சொன்னார். எனக்கு அதில் அனுபவம் உண்டே என்று நான் முந்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தேன். டீச்சர் என் கட்டைவிரலைத் தட்டிவிட்டார்.

"ஏ புள்ள, கட்டைவிரல வைக்காத. அதுக்குள்ளயே ஒரு நாடி ஓடுது. அவளோடதுன்னு நெனச்சு ஒன்னோடத எண்ணிக்கிட்டு இருப்ப."

உட்கார்ந்திருந்த இடத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது நினைவிருக்கிறது. ஐந்து வாரமாக நான் எண்ணிக்கொண்டிருந்தது என் நாடி.

செவ்வாய்க்கிழமை காலை பெரியம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று விரல்களை வைத்துத் தேடினேன். வெகுநேரம் தேடினேன். எலும்புக்கும் நரம்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், அமுக்காமல் வைத்தபோது, கிடைத்தது. ஒன்று. அடுத்தது வராதோ என்று நினைக்கும் அளவுக்கு இடைவெளி. பிறகு இரண்டு. ஒரு நிமிடத்துக்கு நாற்பத்தாறு. மறுபடியும் எண்ணினேன். நாற்பத்தாறு.

டைரியைத் திறந்தேன். மேலே வரிசையாக எண்பதுகள். அதன் கீழே நாற்பத்தாறு என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். முந்தையவை எல்லாம் எப்படி வந்தன என்று கேட்பார்கள். டாக்டர் கேட்பார். விருந்தாளிகளுக்குக் காட்டிய டைரி. இவ்வளவையும் பதினொரு வயதில் தெளிவாக யோசித்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

எண்பத்திரண்டு என்று எழுதினேன். மாத்திரையைக் கொடுத்தேன். 'கொடுத்தேன்' என்றும் எழுதினேன்.

"எம்புட்டு தாயி?" என்று பெரியம்மா கேட்டார். தினமும் கேட்பார். சொன்னேன். "நல்லது" என்று மாத்திரையை விழுங்கினார்.

புதன்கிழமை நான் மூன்று விரல்களை வைக்கவில்லை. வேண்டுமென்றே கட்டைவிரலை வைத்தேன். எண்பத்தாறு வந்தது, அதை எழுதினேன். இத்தனை வருடங்களில் செவ்வாய்க்கிழமையைப் பயம் என்று சில சமயம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். புதன்கிழமைக்கு அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை. வியாழக்கிழமையும் அதே.

வியாழக்கிழமை மத்தியானம், அக்கா கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா கட்டிலிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். அக்கா போட்ட சத்தத்தில் மிஷின் நின்றது. லோடு ஏற்ற வந்திருந்த வேனிலேயே காலண்டர் கட்டுகளை இறக்கிவிட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நான் பள்ளிவிட்டு வந்தபோது வாசலில் கட்டுகள் கிடந்தன. வீடு அமைதியாக இருந்தது.

மதுரையில் பெரிய டாக்டர், இதய மாத்திரை உடம்பில் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது, நாடி முப்பத்தெட்டு என்றார். வீட்டில் யாரும் நாடி பார்க்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா டைரியை நீட்டியிருக்கிறார். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா இது ஒரே நாள்ல நடந்திருக்கு. யாராவது கூடுதலாக் குடுத்திருக்கணும்" என்றாராம். பெரியம்மா ஒன்பது நாள் அங்கே இருந்து பிழைத்துவந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியப்பா மூன்றாவது நாளே ஆபீஸுக்கு வந்துவிட்டார். அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மிஷினுக்கு அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தீர்கள்.

அக்காவைக் கூப்பிட்டார். அவள் பசைக் கையோடு வந்து நின்றாள். நான் கதவோரம் இருந்தேன்.

"மத்தியானம் எந்த மாத்திரையக் குடுத்த?"

"வெள்ளப் பெருசு மொதலாளி. நீர் மாத்திர."

"சின்னதக் குடுக்கல?"

"அத நான் தொட்டதேயில்ல. அது காலையில பாப்பா குடுக்குறது."

"பாப்பா நோட்டுல எல்லாம் சரியா இருக்கு. பெறகு தப்பு எங்கன நடந்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கட்டில் ஒரு தாள் குறைந்தால் தேடுவாளே, அப்படிப் பார்த்தாள்.

"பாப்பா, நான் சொன்னதுக்குப் பெறகு நீங்க பாத்தீகள்ல? திங்க, செவ்வாயில? எம்புட்டு இருந்துச்சு?"

"எண்பத்திரண்டு" என்றேன்.

பெரியப்பா அவளைத் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "வேணும்னு செஞ்சிருக்க மாட்ட. ஆனா நாளையில இருந்து வராண்டாம்."

அக்கா தொட்டித் தண்ணீரில் கை கழுவினாள். பசை போக நேரமாகும். விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தவள் என்ற பேச்சு அவளுக்கு முன்பே தெருவெங்கும் போய்விட்டது. பக்கத்து அச்சாபீஸ்கள் எதிலும் அவளைச் சேர்க்கவில்லை. தை பிறந்ததும் அவள் விஸ்வநத்தம் போகும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாள் என்று அம்மா யாரிடமோ சொல்லக் கேட்டேன்.

பெரியம்மா அதன் பிறகு பதினொரு வருடம் இருந்தார். தலைவாரும்போதெல்லாம் அவளைக் கேட்பார். "அவ செஞ்சிருப்பாளா? எனக்கு நம்பிக்கையில்ல" என்பார், என்னிடமே. நான் பின்னலை இறுக்குவேன்.

இப்போது நான் ஒழுங்கானவள் என்று பெயர் எடுத்தவள். நாற்பது வருடத்துக்கு மேலாக ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு நாடி பார்த்தால் மூன்று விரல் வைத்து, முழு நிமிடம், இரண்டு தடவை எண்ணுகிறேன். விரலில் மாட்டும் கருவி வந்த பிறகும் எண்ணுகிறேன். பார்ப்பவர்கள் இதைப் பொறுப்பு என்கிறார்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்த பன்னிரண்டாம் நாள் அக்காவைத் தேடிப் போனேன். விசாரித்ததில் ஆனைக்குட்டத்தில் மகள் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. எழுபதைத் தாண்டியிருந்தாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரென்று சொன்னதும், "பாப்பாவா! வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். வலது கையில் நடு மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டிப்போய் வழுவழுவென்று இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்து, "அது பட்டாசுல. ஆச்சு, இருபத்தெட்டு வருசம். இதுல தொட்டா சூடு குளிரு ஒண்ணும் தெரியாது" என்றாள். அந்த விபத்துக்கு நான்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

டைரியைக் கொண்டுபோயிருந்தேன். இரண்டாவது அக்டோபரிலிருந்து பக்கம் பக்கமாகத் திருப்பி, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் விரல் வைத்துச் சொன்னேன். கட்டைவிரல், நாற்பத்தாறு, எண்பத்திரண்டு, புதன், வியாழன், கதவோரம் நின்றது எல்லாம்.

"பெரியம்மாட்டச் சொன்னீகளா?"

"இல்லக்கா."

"மொதலாளிட்ட?"

"இல்ல."

அக்கா டைரியை இடது கையால் மூடி என் பக்கம் தள்ளினாள்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீக? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. நாந்தானே தொட்டுப் பாத்தேன். தெரியாதவுக அங்கன இருக்காக. அவுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பெரியம்மாவின் நாடி நாற்பத்தாறு. மாத்திரையைக் கொடுத்தது நான். புதனும் வியாழனும் நாடி பார்க்கப்படவில்லை. மாத்திரை கொடுக்கப்பட்டது, நான் கொடுத்தேன். எண்ணுற அக்கா எந்த மாத்திரையையும் மாற்றிக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் சரியாக எண்ணியவள் அவள் ஒருத்திதான்.

கல்யாணம் தையில். எல்லோரும் மறுபடி ஒரே அறையில் உட்காருவோம். யாராவது அந்தக் கதையை எடுப்பீர்கள் என்றால், எடுங்கள். ஆனால் அதில் வருகிறவளை மாற்றிச் சொல்லுங்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.